ஜோயலின் கையில் இருந்தது

கரண்ட் போன பிறகும் அந்தச் சத்தம் நிற்கவில்லை.

மழைக்காலச் சாயங்காலத்தில் காக்ஸ் டவுனில் கரண்ட் போனால் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது, நாலு தூறல் விழுந்தாலே டிரான்ஸ்பார்மர் படுத்துவிடும். அல்போன்சா அடுப்பை அணைத்துவிட்டு இருட்டில் தீப்பெட்டியைத் துழாவிக்கொண்டிருந்தாள். தகரக் கூரையில் மழை விழுகிற ஓசை, வெந்த பீன்ஸ் வாசனை, ஈரச் சுவரின் வாசனை, கீழ்வீட்டு டிவி சட்டென்று ஊமையானதால் பெரிதாகிவிட்ட அமைதி, இத்தனைக்கும் நடுவே முன்னறையிலிருந்து அது மட்டும் வந்துகொண்டே இருந்தது. டக். டக். டக். பிளாஸ்டிக் மூட்டு தன் பள்ளத்தில் போய் விழுகிற சத்தம். கையே தெரியாத இருட்டில், ஒரு தடவைகூடத் தவறாமல்.

“நெவில்?”

மெழுகுவர்த்தியை ஏற்றிக்கொண்டு போனாள். ஏழு வயசுப் பிள்ளை சுவரைப் பார்த்து சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். கண் சுவரில் இருந்தது. கை மட்டும் மடியில் வேலை செய்தது. பச்சை ஜீப்பின் கதவு தோளானது, சக்கரம் முட்டியானது, பானெட் பிளந்து நெஞ்சானது. ஒரு சாண் உயர இயந்திர மனிதன் எழுந்து நின்றான். உடனே மடிந்து மறுபடி ஜீப்பானான். நேற்று வரைக்கும் நெவிலுக்கு அதன் ஒரு கையைக்கூட வெளியே இழுக்கத் தெரியாது. ஷூ லேஸ் கட்டவே அம்மா வரவேண்டும், அப்பேர்ப்பட்ட பயல்!

“யார்டா சொல்லிக் குடுத்தா?”

“யாரும் இல்ல மம்மி. கைக்கே தெரியுது.”

அவன் காட்டியது இடது கை. சோறு தின்ன, எழுத, பந்து போட எல்லாவற்றுக்கும் வலது கைதான் நெவிலுக்கு. இடது கைக்காரன் ஜோயல். கீழ்வீட்டு டோரீனின் ஒரே பிள்ளை. காய்ச்சலில் போய்விட்டான், நாளைக்கு அவனுக்கு முப்பதாம் நாள் பூசை.

பொம்மையும் ஜோயலுடையதுதான்.

அந்த வருஷம் ஊரெல்லாம் அந்த இங்கிலீஷ் படத்தைப் பற்றித்தான் பேச்சு, லாரியும் காரும் எழுந்து நின்று சண்டை போடுகிற படம். படம் இங்கே வருவதற்கு முன்பே ஜோயலின் அப்பா துபாயிலிருந்து அந்த ஜீப்பை அனுப்பிவிட்டார். அல்போன்சாவின் புருஷன் ஸ்டாண்லி கால் சென்டர் வண்டி ஓட்டிக் கொண்டுவருகிற சம்பளத்தில் நெவிலுக்கு அதைக் கடைக் கண்ணாடி வழியாகத்தான் காட்ட முடிந்தது. ஜோயல் நல்ல பிள்ளைதான், ஆனால் அந்த ஜீப்பை மட்டும் யாரையும் தொடவிட மாட்டான். நெவில் படியில் உட்கார்ந்து ஏக்கமாகப் பார்ப்பான். ராத்திரி தூக்கத்தில்கூட அதையே கேட்பான். பெற்ற மனசு என்ன செய்யும், எரிந்தது.

ஜோயலைப் பெட்டியில் வைத்த அன்று டோரீனுக்கு நினைவே இல்லை. குளிப்பாட்டி, கோயிலில் புதுநன்மை வாங்கத் தைத்த வெள்ளைக் கோட்டைப் போட்டுவிட்டது அல்போன்சாதான். அவள்தான் பக்கத்து வீடு, அவள்தான் கைராசிக்காரி என்று எல்லோரும் சொன்னார்கள். கடைசியில் டோரீன் எழுந்து வந்து பெட்டி முழுக்க கொலோன் சென்டைத் தெளித்துவிட்டு, பிள்ளையின் கையில் ஜீப்பை வைத்து விரல்களை மூடினாள். இருட்டென்றால் அவனுக்கு பயம், இது கையில் இருந்தால் தூங்கிவிடுவான் என்றாள். பெண்கள் அவளைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிப்போனார்கள். மூடி போடுவதற்கு முன்னால் லேஸ் துணியைச் சரிசெய்ய உள்ளே தனியாக நின்றது அல்போன்சா.

சொல்லவே நாக்கூசுகிறது. மண்ணுக்குள் மக்கப் போவதை என் பிள்ளை வைத்து விளையாடினால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது, அவ்வளவுதான், அடுத்த நிமிஷம் அவள் கை உள்ளே இருந்தது. விறைத்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொன்றும் மெல்ல ஒரு சத்தம் போட்டது. ஜீப்பை ஜெபமாலைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வெறுங்கை தெரியாதபடி வெள்ளைச் செவந்தியை அள்ளிக் குவித்தாள். மூடி போட ஆட்கள் வந்தபோது ஓவென்று அழுதாள். அந்த அழுகை பொய்யில்லை என்பதுதான் கொடுமை.

நெவிலிடம், அப்பா சிவாஜி நகரில் பழைய சாமான் கடையில் வாங்கியது, கீழே கொண்டுபோகாதே, டோரீன் ஆன்ட்டி பார்த்தால் அழுவார்கள் என்று சொல்லிவைத்தாள். பெற்ற பிள்ளைக்கே பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தாயிற்று.

“அல்போ! உள்ள இருக்கியா?”

மாடிப்படியை ஒட்டின சமையலறை வாசலில் டோரீன். தலையில் முந்தானை, கையில் குடை. அல்போன்சா பாய்ந்துபோய் முன்னறைக் கதவைச் சாத்தி, அதன்மேல் முதுகைக் கொடுத்து நின்றாள்.

“வாங்கக்கா, என்னக்கா மழையில?”

“நாளைக்குப் பூசைக்கு முன்னாடி இன்னைக்கு ஒரு ஜெபமாலை சொல்லிரலாம்னு. கீழ மெழுகுவத்தி ஏத்தி வெச்சிருக்கேன். நீ தொடங்கினாதான் எனக்கு வாய் வருது.” டோரீன் மூக்கை உறிஞ்சினாள். “என்னடி இது, கொலோன் வாசன அடிக்குது உங்க வீட்ல?”

அடிக்கத்தான் செய்தது. கொலோன், அதற்கடியில் வாடின செவந்தி. மூன்று நாளாக அந்த வாசனை வீட்டில் இருக்கிறது. துணியை எல்லாம் ஊறப்போட்டுத் துவைத்தும் போகவில்லை.

“ஸ்டாண்லி போட்டுட்டுப் போனார்க்கா.”

“ம். எனக்குத்தான் எல்லாத்துலயும் அவன் வாசன வருது.” டோரீன் சிரிக்கப் பார்த்தாள். “ராவெல்லாம் முழிச்சுக்கிட்டுப் படுத்திருப்பேன். புள்ள அங்க இருட்டுல என்ன பண்றானோன்னு பதறும். அப்புறம் நெனச்சுக்குவேன், கைல அதுதான் இருக்கே, பயப்பட மாட்டான்னு. அது ஒண்ணுதான் அல்போ எனக்கு. அது ஒண்ணுலதான் நான் உயிரோட இருக்கேன்.”

அல்போன்சாவின் முதுகுக்குப் பின்னால், கதவுக்கு அந்தப் பக்கம், டக் என்றது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது அவளுக்கு. இப்போது சொல்லிவிடலாம். காலில் விழுந்து, அக்கா, நான் ஒரு பாவி என்று சொல்லிவிடலாம்.

“நீங்க போங்கக்கா,” என்றாள். “முகம் கழுவிட்டு வந்துர்றேன்.”

டோரீன் படியிறங்குகிற சத்தம் கேட்டு முடிகிற வரைக்கும் அவள் அப்படியே நின்றாள். ஒன்றை மட்டும் முடிவு செய்தாள். அந்தச் சனியன் பிடித்த ஜீப்பை இப்போதே பிடுங்கிவிட வேண்டும். விடிந்ததும் கல்லறைக்குப் போய், மண் இன்னும் இளக்கமாகத்தான் இருக்கும், கையாலேயே தோண்டிப் புதைத்துவிட வேண்டும். யாருக்கும் தெரியாது. தெரிந்தால் இந்தத் தெருவில், இந்தக் கோயிலில், எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு நடப்பது?

கதவைத் திறந்தாள். நெவில் இல்லை.

அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் தரை சில்லென்று இருந்தது. முன்னறையிலிருந்து வெளியே போக வேறு வாசல் கிடையாது, உள்பக்கம் ஒரே ஒரு வழிதான். படுக்கையறைக்குள்தான் போயிருக்க வேண்டும். மெழுகுவர்த்தியைக் கையால் மறைத்துக்கொண்டு உள்ளே போனாள். கட்டிலுக்குக் கீழே டிரங்க் பெட்டியும் ஸ்டாண்லியின் பழைய செருப்பும். கொடியில் காயாத பள்ளிக்கூடச் சட்டை, அதன் நிழல் சுவரில் ஆடியது. செவந்தி வாசனை இங்கே குமட்டுகிற அளவுக்கு இருந்தது, அழுகின பூவின் வாசனை, கூடவே தோண்டின மண்.

“நெவில், விளையாடாத கண்ணா. மம்மிக்கு பயமா இருக்கு.”

டக்.

மர அலமாரியிலிருந்து வந்தது. கீழ்த்தட்டு. கம்பளி வைக்கிற இடம்.

டக். டக்.

பிளாஸ்டிக் சத்தம் இல்லை இது. கனமாக இருந்தது. ஈரமாக. இந்தச் சத்தத்தை அவள் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறாள். ஒரு சின்னக் கையின் விரல்களைப் பிரித்தபோது.

அலமாரிக் கதவைத் திறந்தாள்.

முதலில் கம்பளி என்றுதான் நினைத்தாள். பிறகு நெவிலின் கோடு போட்ட சட்டை தெரிந்தது. சட்டைக்குப் பக்கத்தில் ஒரு பாதம். பாதம் இருக்கக் கூடாத இடத்தில். முட்டி இரண்டும் காதுக்குப் பின்னால் போயிருந்தன. தோள் உள்வாங்கி நெஞ்சுக்குள் சொருகியிருந்தது. தலை கவிழ்ந்து, வயிற்றுக்குள் போய், பின்னங்கழுத்து மட்டும் வெளியே. ஒரு சூட்கேஸ் அளவுக்கு, மூலை மூலையாக, நறுவிசாக மடிந்திருந்தான் அவள் பிள்ளை. ரத்தம் இல்லை. ஒரு சொட்டு இல்லை. மூச்சு மட்டும் எங்கேயோ உள்ளே சின்னதாக ஓடிக்கொண்டிருந்தது.

மெழுகுவர்த்தி விழுந்தது. அணையவில்லை. தரையில் உருண்டு எரிந்தது.

அவளால் கத்த முடியவில்லை. கத்தினால் டோரீன் வருவாள். அந்த நேரத்திலும் அந்த நினைப்பு வந்தது அவளுக்கு. அதை நினைத்து அப்போதே வெட்கினாள். மண்டியிட்டாள். கையை நீட்டினாள். ஒரு மணிக்கட்டைப் பிடித்தாள். சில்லென்று.

“சாமி, என் புள்ளய விட்ரு. குடுத்துர்றேன். திருப்பிக் குடுத்துர்றேன்.”

மெல்ல இழுத்தாள். டக். கை வந்தது. முழங்கை வந்தது. அவள் இழுக்காமலேயே மற்றது தானாக வந்தது. கால். இடுப்பு. தோள். ஒவ்வொன்றாக. எல்லாம் தன் பள்ளத்தைத் தேடிப்போய் விழுந்தது. பிள்ளை நீளமாக விரிந்தான். நெவிலின் நிக்கர் முழங்காலுக்கு மேலே ஏறியது. நெவிலுக்கு அவ்வளவு நீளக் கால் இல்லை.

கடைசியாகத் தலை நிமிர்ந்தது.

ஜோயல்.

இடது கையில் ஜீப். விரல்கள் அதை இறுக்கியிருந்தன.

“ஆன்ட்டி,” என்றான். நன்றாகக் கணீரென்று, எப்போதும் படியில் கூப்பிடுகிற அதே குரலில். “இருட்டா இருந்துச்சு ஆன்ட்டி.”

கீழே ஏதோ உடைந்தது. கண்ணாடி. பிறகு படியில் ஓட்டம்.

“யாரு பேசினது? அல்போ! இப்ப யாரு பேசினது?”

டோரீன் உள்ளே வந்தாள். நின்றாள். பிள்ளை இரண்டு கையையும் தூக்கினான்.

அவள் போட்டது அலறல் இல்லை. வயிற்றிலிருந்து ஒரு சத்தம். மறு நொடி அவனை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டாள். முகத்திலும் தலைமுடியிலும் மாறி மாறி முத்தமிட்டாள். ஒரு மாதமாகச் செத்துக் கிடந்த முகத்தில் வெளிச்சம் வந்திருந்தது.

“அக்கா, அது நெவில்! சட்டையப் பாருங்கக்கா, என் நெவில்! குடுங்கக்கா!”

டோரீன் சட்டையைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். ஜீப்பைப் பார்த்தாள்.

“உன் நெவில்னா,” என்றாள், கோபமே இல்லாமல், “இது எப்டி இவன் கைக்கு வந்துச்சு? நான் பொட்டிக்குள்ள வெச்சது இது. நீதான கடைசியா துணி போத்தின? சொல்லு அல்போ.”

நான் எடுத்தேன். அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. ஒரு வாய்ச்சொல். சொன்னால் பிள்ளையைக் கேட்கலாம், மல்லுக்கட்டலாம், பிடுங்கலாம். அல்போன்சா வாயைத் திறந்தாள். டோரீன் அவளையே பார்த்தாள், நம்பிக்கையாக, ஒரு சந்தேகமும் இல்லாமல், கூடப் பிறந்தவளைப் பார்ப்பதுபோல. அந்தப் பார்வைக்கு முன்னால் முகமெல்லாம் சூடேறியது. கண் தரைக்குப் போனது. வாய் மூடிக்கொண்டது.

“பாத்தியா,” என்றாள் டோரீன். திரும்பினாள்.

அல்போன்சா வாசல் வரைக்கும் தவழ்ந்துதான் போனாள். டோரீன் ஒவ்வொரு படியாகப் பார்த்து இறங்கிக்கொண்டிருந்தாள், தாலாட்டுகிற மாதிரி ஆட்டிக்கொண்டே. அவள் தோளுக்கு மேலே அந்த முகம் அல்போன்சாவைப் பார்த்தபடியே போனது. முகம் ஜோயலுடையது. கண் நெவிலுடையது. அது நீர் முட்டி, இமைக்காமல், அம்மாவையே பார்த்தது. உதடு மட்டும் சிரித்தது.

டோரீன் வீட்டு வாசலில் மெழுகுவர்த்தி எரிந்தது. அந்த வெளிச்சத்தில், அவள் இடுப்பைக் கட்டியிருந்த அந்த நீளக் கால்கள் மெதுவாகப் பிடியை விட்டன. பிறகு இரண்டு முட்டியும், அந்தப் பொம்மையின் மூட்டைப் போல, மடியக் கூடாத முன்பக்கமாக மடிந்து, அவளை இறுக்கத் தொடங்கின.