உள்ளே இருவர்

இணையக் கேபிளைப் பிடுங்கி மேசைமேல் போட்டு, வைஃபையையும் அணைத்துவிட்டு, இனி இந்த வீட்டுக்கும் வெளியுலகத்துக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று நிமிர்ந்து உட்கார்ந்தபோதுதான் அவன் அதைக் கவனித்தான். திரையின் மூலையில் 'உள்ளே இருப்பவர்கள்' என்ற வரிக்குப் பக்கத்தில், ஒன்று என்று காட்ட வேண்டிய இடத்தில் இரண்டு என்று காட்டியது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான். இரண்டுதான். மேசைக்கடியில் கம்ப்யூட்டரின் விசிறி முனகிக்கொண்டிருந்தது. சூடேறிய தூசியின் வாடையும், பட்டப்பகலிலும் இழுத்து மூடிவைத்திருந்த திரைச்சீலையின் புழுங்கல் வாடையும், நடைவழியின் கடைசி அறையில் படுத்திருந்த மகளின் காய்ச்சல் மருந்து வாடையும் ஒன்றாகக் கலந்து நெஞ்சை அடைத்தன. ஏதோ பழைய எண் அழியாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று சொல்லிக்கொண்டான். தான் எழுதியதில் தப்பு இருக்கும் என்று ஒத்துக்கொள்கிற ஆள் அவன் இல்லை. அன்றைக்கு மட்டும் தப்பாக இருந்தால் தேவலை என்று பட்டது.

அவன் முகத்தைக்கூடப் பார்த்திராத பல நூறு பேர் அவனைப் பூசாரி என்றுதான் கூப்பிட்டார்கள். ஆளுக்கொரு வீடு கட்டிக்கொண்டு, ஒருவர் வீட்டுக்கு இன்னொருவர் போய்வருகிற சாதுவான விளையாட்டு அது. நடத்திவந்த கம்பெனி, லாபமில்லை என்று ஒருநாள் சர்வரை மூடிவிட்டுப் போனது. காசு கொடுத்து வாங்கியவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். இவன்தான் இண்டு இடுக்கெல்லாம் நோண்டி, யாரிடமும் அனுமதி கேட்காமல், தன் வீட்டு முன்னறையில் ஒரு கள்ள சர்வரை ஓடவிட்டு அவர்களை மறுபடி உள்ளே சேர்த்தான். நல்ல காரியம்தான், யார் இல்லையென்றது? ஆனால் தடி எடுத்தவன் தண்டல்காரன் என்பார்களே, அது இவன் விஷயத்தில் அப்படியே பலித்தது. பிடிக்காதவனைத் தூக்கி வெளியே போடுவான். கோபம் வந்தால் விருட்டென்று விளையாட்டை விட்டு வெளியேறுவான். அவன் போனால் உள்ளே இருக்கிற அத்தனை பேரும் பாதியில் இணைப்பு அறுந்து விழுவார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்று எவனோ எழுதிவைக்க, பேர் ஒட்டிக்கொண்டது.

சர்வரும் வேண்டாம், இணையமும் வேண்டாம், ஒரே வீட்டுக்குள் நாலு பேர் உட்கார்ந்து தங்களுக்குள்ளேயே ஆடிக்கொள்கிற மாதிரி ஆஃப்லைன் வழி செய்து கொடு என்று குழுவில் ஓயாத சண்டை. நாளைக்கு நீயும் கடையைச் சாத்திவிட்டால் நாங்கள் எங்கே போவது என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதனாலேயே அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சர்வர் தேவையில்லை என்றால் அப்புறம் பூசாரி எதற்கு?

வசவுகளுக்கு நடுவே ஒருவர் மட்டும் பணிவாக எழுதிக்கொண்டிருந்தார். பேர் வைத்துக்கொள்ளாதவர்களுக்கு விளையாட்டே ஒரு பேர் கொடுக்கும், 'விருந்தாளி' என்று. அதுதான் அவருக்கும். "இணையம் இல்லாம ஆட வழி பண்ணுங்க சார். எனக்கு இருக்க வீடு இல்ல." பூசாரி அவரைத் தடை செய்தான். மறுநாளும் அதே வரி வந்தது. மறுபடி தடை செய்தான். மறுபடி அதே வரி. கடைசியில் வெறுத்துப்போய், எல்லோரும் பார்க்கிற மாதிரி எழுதினான்: "அவ்வளவு ஆசைன்னா என் வீட்டுக்கே வந்து உக்காந்து ஆடு." அன்றைக்குக் குழுவே விழுந்து விழுந்து சிரித்தது. விருந்தாளி ஒரே ஒரு வார்த்தை எழுதினார். "சரி." அதோடு அவரைக் காணோம். சும்மா போன ஓணானைப் பிடித்து மடியில் கட்டிக்கொண்டோம் என்று அவனுக்கு அப்போது உறைக்கவில்லை.

பிறகு வேறொரு கூட்டம், ஆஃப்லைன் வழியை நாங்களே செய்து தருகிறோம் என்று அறிவித்தது. அவர்கள் முந்திவிடக்கூடாது என்கிற ஒரே வன்மத்தில் இவன் சோறு தண்ணீர் மறந்து அதை எழுதி முடித்தான். சோதித்துப் பார்க்க ஒரு வீடு வேண்டுமே. புதிதாக யோசிக்கச் சோம்பல்பட்டு, தன் வீட்டையே அப்படியே திரைக்குள் கட்டினான். முன்னறை, சமையலறை, நடைவழி, மகளின் அறை, அவள் கட்டில் வரைக்கும். ஒவ்வொரு முறையும் கதவைத் தட்டி அனுமதி கேட்டு உள்ளே வருவது சோதனைக்குத் தொல்லை என்று, யார் வந்தாலும் கேட்காமல் உள்ளே விடும்படி வைத்துக்கொண்டான். இன்னொன்றும் செய்தான். வீட்டுக்காரர் பாதியில் கிளம்பினால் எல்லோரும் அறுந்து விழுகிறார்கள் என்கிற பழைய புகாருக்குப் பதிலாக, வீட்டுக்காரர் போனால் அந்த வீடு உள்ளே இருக்கும் அடுத்த ஆளுக்குப் போய்விடும், ஆட்டம் நிற்காது என்று எழுதினான்.

மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "காய்ச்சல் இன்னும் இறங்கல. இன்னைக்கு ஒரு நாளாவது அவகூட இருங்க. திரும்பி வரும்போது உங்களை அந்தப் பெட்டி முன்னாடி பாத்தேன்னா, பாப்பாவைக் கூட்டிட்டு நான் போயிடுவேன். சும்மா மிரட்டறேன்னு நினைக்காதீங்க."

சும்மா மிரட்டவில்லை என்று அவனுக்கும் தெரியும். பாப்பா இல்லாத வீட்டை அவனால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. அப்படியிருந்தும் பாப்பா கண்ணயர்ந்ததும், ஒரே ஒரு நிமிஷம் என்று வந்து உட்கார்ந்துவிட்டான்.

கேபிள் இல்லை, வைஃபை இல்லை. அப்படியானால் இரண்டாவது ஆள் இந்த வீட்டுக்குள் இருந்துதான் வந்திருக்க வேண்டும். சட்டென்று அவனுக்கு மகளின் டேப்லெட் ஞாபகம் வந்தது. கம்ப்யூட்டரிலிருந்து ஒரு பழைய வயர் அவள் அறைவரைக்கும் போகிறது. அதைச் செருகிக்கொண்டு போர்வைக்குள் விளையாடுகிறாள், வேறென்ன? சிரிப்புகூட வந்தது.

நடைவழி இருட்டாக இருந்தது. நடுவில் ஒரு தரை ஓடு பெயர்ந்திருந்ததால் மிதித்தால் டக்கென்று சத்தம் போடும், தாண்டிப் போனான்.

"பாப்பா, டேப்லெட்டைத் தொடக்கூடாதுன்னு சொன்னேனில்ல?"

அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "நான் எங்க தொட்டேன்? அது சார்ஜே இல்லாம அலமாரியில கிடக்கு."

அலமாரியில்தான் கிடந்தது. எடுத்துப் பார்த்தான். ஜில்லென்று, கறுத்துப்போய்க் கிடந்தது. வயரின் நுனி தரையில் எதிலும் செருகாமல் சும்மா கிடந்தது.

"சரி, தூங்கு. நெத்தி சுடுதா பாக்கறேன்."

"இப்பதான வந்து பாத்தீங்க. கை ஜில்லுன்னு இருந்துது. நல்லா இருந்துதுப்பா."

காய்ச்சலில் பிதற்றுகிறாள் என்று நினைத்தான். அவள் நெற்றியில் கை வைத்தான். அவன் கை வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.

திரும்பி வந்து பார்த்தபோது திரைக்குள் முன்னறையில் ஓர் உருவம் நின்றுகொண்டிருந்தது. சட்டை இல்லை, முடி இல்லை, முகத்தில் ஒன்றும் எழுதப்படவில்லை. எதையும் தேர்ந்தெடுக்காமல் அவசரமாக உள்ளே வந்தவர்களுக்கு விளையாட்டு மாட்டிவிடுகிற வெறும் உடம்பு. தலைக்கு மேலே 'விருந்தாளி' என்று இருந்தது. அது நின்ற இடம், திரைக்குள் அவன் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குச் சரியாகப் பின்னால்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று கழுத்து சொன்னது, பார்க்காதே என்று மனம் சொன்னது. விரல்கள் தட்டின.

"யாரு?"

"நீங்கதான சார் வரச் சொன்னீங்க."

"விளையாடாதே. எங்கருந்து வர? என்ன வேணும் உனக்கு?"

"வீடு நல்லா இருக்கு. பாப்பாவுக்குக் காய்ச்சல் போல."

உடம்பெல்லாம் கூசியது. ஆத்திரத்தில் 'வெளியேற்று' என்பதை அழுத்தினான். உருவம் மறைந்தது. எண் ஒன்றானது. விசிறியின் முனகலைத் தவிர வீட்டில் ஒரு சத்தமும் இல்லை, அந்த அமைதியில் அவன் மூச்சு விட்டான், அப்படியே இன்னொரு மூச்சும் விட்டான், அப்போது வாசலில், கதவுக்கு அந்தப் பக்கம், யாரோ அவசரமில்லாமல் செருப்பைக் கழற்றிவிடுகிற சத்தம் கேட்டது.

எண் இரண்டானது.

கேட்காமல் உள்ளே விடும்படி தானே வைத்தது நினைவுக்கு வந்தது. மறுபடி வெளியேற்றினான். மறுபடி செருப்புச் சத்தம். மறுபடி இரண்டு. அதை மாற்ற வேண்டுமானால் விளையாட்டை முழுக்க நிறுத்தித் திரும்ப ஓடவிட வேண்டும், அதற்குள் உருவம் நடக்க ஆரம்பித்திருந்தது. திரைக்குள் அது சமையலறைக்குப் போனது. இந்தப் பக்கம், சுவருக்கு அப்பால், குழாய் திறந்து மூடியது. ஒரு டம்ளர் மேடைமேல் உட்கார்ந்தது. திரைக்குள் அது நடைவழிக்கு வந்தது.

டக்.

பெயர்ந்த ஓடு.

அவன் எட்டிப் பார்த்தான். நடைவழியில் யாரும் இல்லை. மருந்து வாடை மட்டும் அடர்ந்திருந்தது. திரைக்குள் உருவம் மகளின் அறைக்குள் நுழைந்தது. கட்டிலுக்கு அருகே போனது. குனிந்தது.

"அங்க போகாதே."

உருவம் நிமிரவில்லை.

"டேய், அவகிட்ட போகாதே. உன் கால்ல விழறேன்."

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தது.

அவனுக்கு வேறொன்றும் தோன்றவில்லை. இத்தனை வருஷமாகக் கோபத்தில் செய்ததைத்தான் பயத்திலும் செய்தான். விருட்டென்று விளையாட்டை விட்டு வெளியேறினான். நான் போனால் எல்லாம் அறுந்து விழும். எல்லோரும் விழுவார்கள். எப்போதும் விழுந்திருக்கிறார்கள்.

திரையில் ஒரு வரி வந்தது.

'வீட்டுக்காரர் போய்விட்டார். இனி இந்த வீடு விருந்தாளியுடையது.'

பிளக்கைப் பிடுங்கினான். திரை செத்தது. விசிறி நின்றது. ஓடினான். பெயர்ந்த ஓட்டை மிதித்தான், சத்தம் வரவில்லை. மகளின் அறைக் கதவு சாத்தியிருந்தது. தள்ளினான். அசையவில்லை. தோளால் மோதினான். கையால் தட்டினான்.

உள்ளே மகளின் குரல் கேட்டது. "அப்பா, யாரோ கதவைத் தட்றாங்க."

"பாப்பா, நான்தான். அப்பாதான். கதவைத் திற கண்ணு."

கதவில் காதை வைத்தான். அவனுடைய குரலே, அவன் என்றைக்கும் பேசாத பொறுமையோடு, உள்ளேயிருந்து பேசியது. "யாரும் இல்லடா. நீ தூங்கு. நான் இங்கயேதான் இருக்கேன்."

எவ்வளவு நேரம் தட்டினான், எதைச் சொல்லிக் கத்தினான் என்று அவனுக்கே தெரியாது. வாசல் கதவு திறந்தது. மனைவி. பையைத் தோளிலிருந்து இறக்கியபடியே வந்தாள், முன்னறைக்குள் எட்டிப் பார்த்தாள், காலியான நாற்காலியையும் செத்துக்கிடந்த திரையையும் பார்த்து ஒரு கணம் நின்றாள். அவள் முகம் இளகியது. அப்படி அந்த முகம் இளகி வெகுகாலம் ஆகியிருந்தது. அவன் நடைவழியின் நடுவில் நின்று அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். கையை நீட்டினான். அவள் அவனை ஒட்டினாற்போல், குளிர் பட்டதுபோல் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு கடந்து போனாள். அவள் தொட்டதும் மகளின் அறைக் கதவு திறந்துகொண்டது.

கட்டிலோரத்தில் அவனுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு, முதுகைக் காட்டியபடி ஒருவன் உட்கார்ந்திருந்தான். பாப்பாவின் தலை அவன் மடியில் இருந்தது. மனைவி அவன் தோளில் கை வைத்தாள்.

"காய்ச்சல் விட்டுடுச்சே," என்றாள். "பக்கத்துலயே இருந்தீங்களா? நான்தான் உங்களைத் தப்பா நினைச்சுட்டேங்க."

"பாப்பா," என்றான் பூசாரி அறை வாசற்படியில் நின்று. கால் உள்ளே போக மறுத்தது. "பாப்பா, இங்க பாரு. அப்பாவைப் பாரு."

பாப்பா பார்த்தாள். வீட்டிலேயே அவளுக்கு மட்டும் அவன் தெரிந்தான். அவள் கண்கள் அகன்றன, உதடு கோணியது, மடியில் இன்னும் ஒடுங்கிக்கொண்டாள்.

"அம்மா, கதவைச் சாத்துங்க. அந்த ஆள் இன்னும் அங்கதான் நிக்கிறான்."

மனைவி திரும்பி, ஒன்றுமில்லாத நடைவழியைப் பார்த்தாள். கதவைப் பிடித்து இழுத்தாள். கதவிடுக்கு ஒடுங்கிக்கொண்டே வந்தபோது, உட்கார்ந்திருந்தவன் திரும்பாமலே கையை எடுத்து, பாப்பா மேற்கொண்டு பார்க்காதபடி அவள் கண்களை மெதுவாக மூடினான்.