பிரேக் மிதிக்காத கால்

வளைவில் பஸ் சரிந்து திரும்பியபோது, பக்கத்தில் இருந்த கணவரின் வலது கால் அசையவே இல்லை என்பதைத் தையல்காரி கவனித்தாள்.

வாழ்நாள் முழுக்க பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். பயணியாக உட்கார்ந்தாலும் குறுக்கே ஒரு சைக்கிள் வந்தால் போதும், இல்லாத பிரேக்கை ஓங்கி மிதிப்பார்; "இவனுக்கெல்லாம் எவன் லைசென்ஸ் குடுத்தான்?" என்று பல்லைக் கடிப்பார். மகள் கல்யாணத்தை முடித்த கையோடு, ஊர் ஊராக நின்று நிதானமாகப் பார்க்கலாம் என்று இருவரும் கிளம்பியிருந்தார்கள். பழைய அரண்மனை நகரங்களை எல்லாம் அவர் மிதித்து மிதித்தே கடந்தார். இப்போது டீசல் புகையும் உப்புக்காற்றும் கலந்து முகத்தில் பிசுபிசுக்க, சக்கரங்கள் சரளையில் கிறீச்சிட்டு மலைச்சரிவின் விளிம்புவரை வழுக்க, முன்சீட்டுக் குழந்தை வீறிட்டு அழ, அவர் மட்டும் கைகளை மடியில் கோத்துக்கொண்டு கடலைப் பார்த்துப் புன்னகைத்தார்.

"பயமா இல்லையாங்க?"

"அவரு நல்லாத்தானே ஓட்டுறாரு."

இன்னொரு டிரைவரை அவர் மெச்சி அவள் கேட்டதே கிடையாது.

எல்லாம் முந்தின நாள் வழியில் பார்த்த கோட்டையிலிருந்துதான். அங்கே ஒரு சுரங்கப்பாதை. ஈரச் சுண்ணாம்பும் வௌவால் எச்சமும் நாறும் இருட்டில் அங்கங்கே மஞ்சள் பல்புகள். பாதி வழியில் அவை அணைந்தன. அவர் கை நழுவியது. கூப்பிட்ட குரல் சுவரில் மோதித் திரும்பியதே தவிர பதில் இல்லை. அவள் தட்டுத்தடுமாறி வெளியே ஓடிவந்து நின்றாள். கொஞ்ச நேரத்தில் அவரும் வந்தார், சட்டையில் தூசிகூட ஒட்டாமல். போன்தான் இல்லை.

"உள்ள விழுந்திருக்கும். போனா போகுது, விடு."

செருப்பு வார் அறுந்தால்கூட, விற்றவனின் ஏழு தலைமுறையை இழுக்கிற மனிதர்! போகட்டும், வயதான காலத்திலாவது புத்தி வந்ததே என்று அவள் சந்தோஷப்பட்டாள். அன்றிரவு அவர் குறட்டை விடவில்லை. அதற்கும் சந்தோஷப்பட்டாள்.

கடலோர விடுதியில், மறுநாள் வெயில் ஏறுவதற்குள் குளித்துவிட்டு வந்தவர், பயணத்துக்கென்று அவள் தைத்த நீலச்சட்டையைப் போட்டுக்கொண்டார். காலரைச் சரிசெய்யப் போனவளின் விரல்கள் நின்றன. அவருடைய இடது தோள் ஒரு விரற்கடை இறங்கியிருக்கும். கியர் போட்டுப் போட்டு இறங்கியது. அதற்கேற்பத்தான் அவள் எப்போதும் வெட்டுவாள். இப்போது அந்தப் பக்கம் துணி இழுத்துப் பிடித்தது. தடவிப் பார்த்தாள். இரண்டு தோளும் ஒரே மட்டம்.

துணிக்கடை வாசல் பொம்மைபோல அவர் பொறுமையாக நின்றார்.

"அளவு எடுத்துட்டியா?"

"ம்."

"சரியா இருக்கா?"

"இருக்குங்க."

அவர் கடற்கரைக்கு நடக்கப் போனார். அவள் கதவைத் தாழிட்டாள். கட்டிலில் உட்கார்ந்து தன் போனை எடுத்து, தொலைந்த அவர் போனுக்கு அடித்தாள். யாராவது கண்டெடுத்திருக்கலாம். மணி போனது. எடுத்தார்கள்.

நீர் சொட்டும் ஓசை. எதிரொலி.

"ஹலோ, யாருங்க? நம்பரு ஒண்ணும் தெரியல. இங்க லைட்டு போச்சு. வாசல்ல நிக்கிற காவலாளிகிட்ட சொல்லித் தொலைங்க. எவன் எவனையோ வேலைக்கு வச்சுருக்கானுங்க!"

அந்தத் திட்டு. அவருடைய திட்டேதான்.

"என்னங்க... இன்னும் உள்ளயா இருக்கீங்க?"

"லைட்டு போயி பத்து நிமிஷம்கூட ஆகல. ஆமா, நீங்க யாரு?"

"நான்தாங்க. உங்க பொண்டாட்டி."

சொட்டு. சொட்டு.

"என்னம்மா விளையாடுறீங்களா? என் பொண்டாட்டி இங்க என் கையப் புடிச்சுக்கிட்டு நிக்கிறா."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அது நான் இல்லங்க! கைய உதறுங்க. உதறிட்டு ஓடி வந்துடுங்க!"

அவருக்கு மிக அருகில், ஒரு பெண்குரல். அவளுடைய குரல். அவரிடம் அவள் ஒருநாளும் பேசியிராத கனிவோடு.

"யாருங்க போன்ல?"

"யாரோ ராங் நம்பர். உன்ன மாதிரியே பேசுறா, பாவம்."

"விடுங்க. வாங்க, கீழ வெளிச்சம் தெரியுது."

படி இறங்கும் சத்தம் கேட்டது. அந்தச் சுரங்கத்தில் படிகளே இல்லை.

"என்னங்க! போகாதீங்க!"

அவள் கத்தியது அவர் காதில் விழவில்லை. போனை அணைக்காமலே பையில் போட்டிருக்க வேண்டும். துணி உரசியது. இரண்டு ஜோடிக் கால்கள். இறங்கின. இறங்கிக்கொண்டே இருந்தன.

"பாத்து வாம்மா, வழுக்குது," என்றார் அவர். திட்டாமல்.

அவளுக்குப் பின்னால் தாழ்ப்பாள் விலகியது. வெளிச்சத்தோடு கடல்வாடை உள்ளே வந்தது. காலடிச் சத்தம் இல்லை. கட்டில் மட்டும் அமுங்கியது.

"கூப்பிட்டியா?" என்று அன்பாகக் கேட்டது.

அவள் திரும்பவில்லை. அது அவள் கையை எடுத்தது. தன் கைக்குள் வைத்துக்கொண்டது.

போனில் படிகள் இன்னும் முடியவில்லை.