வெற்று உம்

நாச்சிமுத்து இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியவன். கோவை நகர மின்னகத்தில் உம் கொட்டிக்கொண்டிருந்தான். எதிரே ஒலிபெருக்கியில் ஓர் அம்மாள், நாத்தனார் கடன் வாங்கிப்போன கிரைண்டர் திரும்பி வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கல்லு மட்டும் வந்துச்சுங்க தம்பி. மூடியக் காணோம்."

"உம்."

அவன் வாய்க்கு முன்னால் தோசைக்கல் அளவில் ஒரு நீலத்தகடு. ஒவ்வோர் உம்முக்கும் அது லேசாக நடுங்கியது. நகரத்து மின்சாரம் முழுவதும் துளி சேதாரமில்லாமல் அதன் வழியே போய்க்கொண்டிருந்தது.

நீலத்தகடு ஒரு மீகடத்தி, அதாவது சூப்பர்கண்டக்டர். குளிரூட்ட வேண்டாம், கோவை வெயிலே போதும். சங்கடம் என்னவென்றால், அதற்குள் இருக்கும் எதிர்மின்னிகள், அதாவது எலக்ட்ரான்கள், சாயங்கால டவுன் பஸ் கூட்டம் மாதிரி. தானும் நகராது, அடுத்ததையும் நகரவிடாது. தகட்டின் அணுக்கள் சரியான விதத்தில் நடுங்கினால்தான் அவை ஜோடி சேரும். சேர்ந்துவிட்டால் தடை ஏது, வழுக்கிக்கொண்டு போகும். அந்த நடுக்கத்துக்கு 'அதிர்வன்' என்று பெயர் வைத்தார்கள். கருவி வைத்து அதிர்த்துப் பார்த்தார்கள். கூட்டம் அதற்குப் பழகிக்கொண்டு மறுபடி முண்டியடித்தது. பாடிப் பார்த்தார்கள், அதுவும் எடுபடவில்லை. ஒருநாள் ஆய்வாளர் ஒருவர், மனைவி போனில் பேசப் பேச, பேப்பர் படித்தபடியே உம் கொட்டினார். தகடு விழித்துக்கொண்டது.

காது கொடுத்துக் கேட்டுச் சொல்லும் உம்மில் ஒரு சின்னத் துடிப்பு இருக்கிறதாம். அது சேர்ந்த ஜோடியையும் பிரித்துவிடும். கேட்காமல் சொல்வதுதான் வேண்டும், யார் சொன்னாலும் சரி. அரசாணையில் அதன் பெயர் 'வெற்று உம்'. எதிரே யாராவது பேசினால்தான் அது இயல்பாக வரும் என்பதால் ஊர்மக்கள் முறைவைத்துப் போனில் பேசினார்கள். மின்வெட்டு ஒழிந்தது.

வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் நாச்சிமுத்துவுக்கு வாயைத் திறக்கவே அலுப்பாக இருக்கும். மனைவி கோகிலவாணி பேசுவாள். அவன் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். வீட்டில் அந்த உம்கூடக் கிடையாது.

கிரைண்டர் அம்மாள் விடைபெற்றார். அடுத்த குரல் வந்தது.

"மாமா, நாந்தானுங்க. வாணி."

"உம்."

"வீட்ல பேசினா சத்தமே இல்ல. இங்கயாவது உம்முனு வருமேன்னுதான் முறை கேட்டு வாங்கினேன்."

"உம்."

"ஓசூர்ல வேலை கெடச்சிருக்கு. முந்தாநாளே சொன்னேன்."

"உம்."

"பஸ் ஸ்டாண்ட்லதான் நிக்கறேன். திரும்பி வர்றதா இல்லைங்க."

"உ..." அந்தக் கடைசி வாக்கியம் எப்படியோ காதுக்குள் நுழைந்துவிட்டது. "என்னது? எங்க நிக்கற?"

விளக்கு அணைந்தது. ஜன்னலில்லாத அறை, மத்தியானத்திலேயே கும்மிருட்டு. மின்விசிறி முனகிக்கொண்டே நின்றது. ஒலிபெருக்கி மட்டும் பேட்டரியில் உயிரோடு இருந்தது.

கண்காணிப்பாளர் திருமலைசாமி சுவரைத் தடவிக்கொண்டு வந்து சேர்ந்தார். "தம்பி, காது குடுத்துக் கேட்டியா?"

"ஆமாங்க சார்."

"படிச்சவன் பண்ற வேலையா இது?" அவரே தகட்டருகில் குனிந்து, "உம், உம்" என்றார். பதற்றத்தில் சொன்னது, தகடு மதிக்கவில்லை. "பாதி ஊரு லிப்ட்ல தொங்குது தம்பி. ஒரே ஒரு உம்மு. சொல்லிரு."

"கடைசியா ஒண்ணு கேக்கறனுங்க," என்றது ஒலிபெருக்கி. "நான் போகட்டுங்களா?"

"உம்முனு சொல்லு," என்று திருமலைசாமி அவன் தோளை அமுக்கினார்.

நாச்சிமுத்து வாயை இறுக மூடிக்கொண்டான். வருஷக்கணக்காக எதையெதையோ ஆமோதித்த வாய். பிறகு மெதுவாகச் சொன்னான். "வாணி, ஓசூருக்கு நீயும் நானும் போலாம்."

தமிழில் இரண்டு பேரைச் சேர்க்கவும் அதே உம்தான் வேண்டியிருக்கிறது. இரண்டு உம் இருந்தும் தகடு அசையவில்லை. மனசாரச் சொன்னது.

"இந்த வேலைய விட்டுர்றேன். இனிமே நீ சொல்றதெல்லாம் கேப்பேன். அந்தப் பக்கத்து வீட்டு நாய்க் கதைய அன்னிக்குப் பாதில விட்டியே, அதுகூட. வாணி, இருக்கியா? நான் சொல்றது கேக்குதா?"

அந்தப் பக்கம் நடத்துநர் ஊர்ப் பெயர்களைக் கூவுவது கேட்டது. பெட்டியை எங்கோ தூக்கி வைக்கும் சத்தம்.

"உம்," என்றாள் கோகிலவாணி.

விளக்கு எரிந்தது. மின்விசிறி சுற்றத் தொடங்கியது. திருமலைசாமி ஒலிபெருக்கியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"சுத்தமான சரக்கு தம்பி. யாரு அந்தம்மா? நம்மகிட்ட வேலைக்கு வருவாங்களா?"

நாச்சிமுத்து விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். அது கொஞ்சம்கூட அசையாமல் எரிந்தது.