துருப்பிடிக்காத ரத்தம்

கோத்தகிரியில் யாருக்கும் நரைப்பதில்லை. குழாயைத் திறந்தால், சேஜ் என்ற மூலிகையின் எண்ணெய் கலந்த தண்ணீர் வாசனையோடு கொட்டும். குடித்தவர் உடம்பில் வயசு ஏறாது. எண்பது வயது அமலோற்பவம் முப்பதுக்காரி மாதிரி மலைப்பாதையில் ஓடுவாள். பின்னே, அந்த எண்ணெயைச் செய்தவளே அவள்தானே!

மூச்சில் இழுக்கும் ஆக்சிஜன்தான் இரும்பைப் போல உடம்பையும் துருப்பிடிக்க வைக்கிறது. சேஜ் எண்ணெயில் இருந்த தூஜோன் என்ற நஞ்சைக் கழித்துவிட்டு, துருவைத் தடுக்கும் சரக்கை மட்டும் பல மடங்கு கூட்டினாள். ‘துருக்கொல்லி’ என்று பேர் வைத்தாள். வேண்டாம் என்றவர்களையும் விடவில்லை. அடம்பிடித்து நாடு முழுக்கக் குடிநீரில் கலக்க வைத்தாள். அதுவும் போதாதென்று, போன மழைக்காலத்தில் வீரியத்தை இரட்டிப்பாக்கினாள்.

இப்போது அவள் கணவன் சூசைநாதன் காய்ச்சலில் அனத்திக்கொண்டிருந்தான். ரோஜா முள் குத்தியது, அவ்வளவுதான். கை தோள்வரை கறுத்துவிட்டது. எந்த மருந்துக்கும் கேட்கவில்லை.

“கிருமியை நம்ம ரத்தம் எதை வச்சுக் கொல்லுது தெரியுமாம்மா?” என்றாள் டாக்டர் ஹபீபா. “அதே துருவை வச்சுத்தான். வெள்ளணு அதைக் கக்கித்தான் கிருமியைப் பொசுக்கும். உங்க எண்ணெய் அந்த நெருப்பையும் அணைச்சிடுச்சு.”

“எண்ணெய நிறுத்திட்டா?”

“ரத்தம் தெளிய ஒரு மாசமாகும், இவர் தாங்கமாட்டார். எண்ணெய் படாத ஆள் யாராவது வெள்ளணு குடுத்தா பொழைச்சுக்குவார்.”

அப்படி ஓர் ஆளுக்கு அமலோற்பவம் எங்கே போவாள்? ஒருவரையும் விட்டுவைக்காதவள் அவள்தானே.

சூசைநாதன் கண் திறந்தான். “ஏய் அமலு, பொட்டியில வச்சாலும் மாப்பிள்ளை மாதிரிதான் இருப்பேன், இல்ல?” என்று சிரிக்கப் பார்த்தான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அன்று மாலையே அவன் போய்விட்டான்.

அடக்கம் முடிந்த கையோடு நீரேற்று நிலையத்துக்குப் போய், எண்ணெய் வரும் குழாயை அடைத்துக் கதவைப் பூட்டினாள். மறுநாள் ஊரே திரண்டு வந்துவிட்டது.

“ஒரு கீறல் பட்டாக்கூடச் செத்துருவீங்க, கேளுங்கய்யா!” என்று கதறினாள்.

“உங்க வீட்டுக்காரர் போயிட்டாருன்னு நாங்க கிழடாகணுமா?” என்று கத்தினான் பக்கத்து வீட்டுத் தர்மலிங்கம். நேற்றுப் பெட்டிக்குத் தோள் கொடுத்தவன் அவன். கண்ணாடிக் கதவைக் கல்லால் உடைத்து உள்ளே புகுந்து, குழாயைத் திறந்துவிட்டான். வாசனை குப்பென்று பரவியது. ஜனம் கைதட்டியது.

அவன் உள்ளங்கையைப் பார்த்தான். கண்ணாடி கிழித்து ரத்தம் சொட்டியது.

“ஒண்ணுமில்ல, சின்னக் காயம்தான்” என்று வேட்டியில் துடைத்துக்கொண்டு, முதல் குடத்தைப் பிடித்தான்.