கடைவாயில் ஒரு வளையம்

அன்று காலையும் ரப்பர் வளையத்தைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டுதான் வேலையைத் தொடங்கினேன். ஒரு கையில் குறடு, இன்னொரு கையில் பசைத் துப்பாக்கி. சோடா மூடி அளவு வளையத்தை வேறெங்கே வைப்பது? மேசையில் வைத்தால் உருண்டு ஓடி அலமாரிக்கு அடியில் போய்விடும், பிறகு யார் குனிந்து தேடுவது? தூத்துக்குடி மதிப்பீட்டுப் பட்டறையில் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. காலை நேரத்தில் எங்களோடு பேசுகிறவர்கள் பாதியை ஊகித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

வானத்திலிருந்து சாம்பல் விழும் இந்தப் பருவத்துக்கு மூன்று செய்பெட்டிகள் வந்திருந்தன. நீலம், மஞ்சள், வெள்ளை. ஒவ்வொன்றிலும் ஒரு மூச்சுக்கவசத்துக்கான உறுப்புகள், கருவிகள், ஒரு கையேடு. நாங்கள் அவற்றைச் செய்துபார்த்து, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்து, மதிப்பெண் போட வேண்டும். அதிக மதிப்பெண் வாங்கும் பெட்டிதான் மாவட்டம் முழுக்கப் போகும். ஆளுக்கு ஒன்றுதான். கெடுத்துவிட்டால் வேறு கிடையாது.

எனக்கு மாவட்டம் முழுக்க முக்கியமில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் தங்கை ரெஜினாதான் முக்கியம். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், பெரிய அறிவாளி. ஆனால் ஊசியில் நூல் கோக்கச் சொன்னால் விரலைக் கோத்துக்கொள்வாள். அவள் கையாலும் செய்ய முடிகிற பெட்டியாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டால் போதும் என்றுதான் ஒவ்வொரு குறடாக அமுக்கிப் பார்த்தேன்.

"நீலம் எப்படி அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

எதிர் மேசையில் இருந்த இசக்கிமுத்து அண்ணாச்சி வளையத்தைத் தூவென்று உள்ளங்கையில் துப்பினார். "மண்ணெண்ணெய் நாத்தம் தாயி! இத எவன் வாயில வைப்பான்? கொமட்டிக்கிட்டு வருது."

"குறடு?"

"குறட்டுக்கு ஒரு கொறையும் இல்ல. முந்துன வளையத்த ஈரம்போகத் தொடைச்சிட்டு வச்சேன், லேசா உக்காந்திருச்சு. ஆனா இந்த நாத்தத்த சகிக்க முடியாதுல்லா."

நானும் ஒன்றை வாயில் போட்டுப் பார்த்தேன். ஐயோ, சாமி! நீலத்துக்கு மதிப்பெண்ணை வெட்டினோம். மஞ்சள் பெட்டியின் குறடு முதல் அழுத்தத்திலேயே வளைந்துபோனது. வெள்ளைதான் எங்களுக்குப் பிடித்தது. குறடு குழந்தைக் கைக்கும் அடங்கும். வளையத்தில் வாசமே இல்லை. வாயிலிருந்து எடுத்து வைத்ததும் வழுக்கிக்கொண்டு இடத்தில் உட்கார்ந்தது. தொட்டியில் ஒரு குமிழி இல்லை. கை நிறைய மதிப்பெண் போட்டோம்.

வெள்ளைப் பெட்டிகள் வீட்டுக்கு வந்த அன்று நானும் ரெஜினாவும் சாப்பாட்டு மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். நானே இரண்டையும் செய்துவிடலாம்தான். ஆனால் சட்டம் விடாது. முன்பு காற்று வாரியமே கவசங்களைச் செய்து கொடுத்தது. அவை கசிந்து ஆட்கள் செத்து, வழக்குமேல் வழக்காக வந்தபோது வாரியம் கையைக் கழுவிக்கொண்டது. அணிகிறவரே செய்ய வேண்டும், செய்கிறவரே அணிய வேண்டும். 'உங்கள் மூச்சு, உங்கள் கை' என்று பெட்டிமேலேயே அச்சடித்திருப்பார்கள். கவசத்தின் உறையும் வடிகட்டிக் குப்பியும் தங்களைத் தொடும் கையை நினைவில் வைத்துக்கொள்ளும். வேறு கை பட்டது தெரிந்தால் காற்றுக்கூடத்தின் கதவு திறக்காது. சாம்பல் விழும் நாளில் சுத்தமான காற்று அந்தக் கூடத்தில் மட்டும்தான்.

ரெஜினா கையேட்டை வரிவரியாகப் படித்துச் செய்தாள். வடிகட்டிக் குப்பியைக் கவசத்தோடு இணைக்கும் இடத்தில் வளையத்தை வைத்து, அமுக்கி, பசை போட்டு மூடிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"பாத்தியாக்கா, ஒனக்கு முன்னாடி முடிச்சிட்டேன். இனி என்னைய நக்கலடிப்பியா?"

"ம்ம்" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

"வாயில என்னத்த வச்சிருக்க?"

துப்பிக் காட்டினேன். அவள் முகம் சுளித்தாள். "சீ! அதப்போயி வாயில வைக்கலாமா? கையேட்டுல அப்படி ஒண்ணும் போடலியே."

உள்ளங்கையில் கிடந்த வளையத்தைப் பார்த்தேன். எச்சில் ஈரத்தோடு, வெதுவெதுப்பாக, குழைந்து கிடந்தது. பெட்டியிலிருந்து எடுக்கும்போது அது விறைப்பாக இருந்தது நினைவுக்கு வந்தது. அவள் அதை விறைப்பாகவே வைத்து ஒட்டியிருந்தாள்.

"ஏட்டி, குப்பி ஓரத்துல சோப்பு நொரையத் தடவு. தடவிட்டு உள்ள ஊது."

ஊதினாள். ஓரத்தில் ஒரு குமிழி எழுந்து உடைந்தது. பிறகு இன்னொன்று.

ஒட்டியதைத் திறக்க முடியாது. அண்ணாச்சியைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன்.

"நம்மள்ல ஒருத்தரும் வாயில போடாம செஞ்சதே இல்லியே தாயி" என்றார். "ஈரமில்லாமலே உக்காந்த அந்த நீலத்த வாயில வச்சு ருசி பாத்துல்லா தள்ளுனோம்."

வாரியத்தைக் கூப்பிட்டேன். கத்தினேன், கெஞ்சினேன், காலில் விழாத குறை. "மதிப்பீட்டில் தேறிய பெட்டி, அம்மா. குறை இருந்தால் செய்தவர் பொறுப்பு" என்று ஓர் இனிமையான குரல் சொன்னது. மதிப்பிட்டது நான்தான் என்றேன். அதற்கும் அதே பதில். தெருவில் வீடுவீடாகப் போய், வளையத்தை வாயில் ஊற வையுங்கள் என்று சொன்னேன். பாதிப் பேர் முன்பே ஒட்டியிருந்தார்கள். மீதிப் பேரில் சிலர் எனக்குப் பைத்தியம் என்று கதவைச் சாத்தினார்கள்.

சாம்பல் எச்சரிக்கைச் சங்கு ஊதியது ஒரு மத்தியானத்தில். வெயில் மங்கி, தெரு சாம்பலில் வெளுத்துக்கொண்டு வந்தது. "ரெண்டு கையாலயும் குப்பிய அமுக்கிக்கோ. எதுக்கும் விட்டுராத" என்று ரெஜினாவிடம் சொன்னேன். அமுக்கினால் கசிவு அடங்கியது. முழங்கைகளைத் தூக்கிக்கொண்டு அவள் நடக்க, நான் தோளைப் பிடித்து வழிகாட்டினேன். வழியில் இரண்டொருவர் நடைபாதையில் உட்கார்ந்துவிட்டிருந்தார்கள். அவர்கள் முகத்திலும் வெள்ளைப் பெட்டிக் கவசம். பார்க்காமல் நடந்தேன். வேறென்ன செய்ய?

காற்றுக்கூடத்தின் வாசலில்தான் அது நினைவுக்கு வந்தது. கதவின் கண்ணாடித் தகட்டில் இரண்டு உள்ளங்கைகளையும் வைக்க வேண்டும். செய்த கைதானா என்று சரிபார்த்துத்தான் விடும்.

"மூச்சப் பிடிச்சுக்கோ" என்றேன். ரெஜினா தலையாட்டினாள். குப்பியிலிருந்து கைகளை எடுத்துத் தகட்டில் வைத்தாள்.

"கைகளை மீண்டும் வைக்கவும்" என்றது கதவு. தகடு முழுக்கச் சாம்பல். என் சேலை முந்தானையால் துடைத்தேன். மறுபடி வைத்தாள். துடைத்த இடத்தில் அதற்குள் சாம்பல் படிந்திருந்தது. "மீண்டும் வைக்கவும்." அவள் கண்கள் பிதுங்கின. "மீண்டும் வைக்கவும்." அடக்க முடியாமல் இருமினாள். இருமியதும் மூச்சை உள்ளே இழுத்தாள். குப்பி ஓரத்தில் சாம்பல் கோடுபோல உள்ளே நுழைவதை என் கண்ணால் பார்த்தேன். முழங்கால் மடங்கிச் சரிந்தாள்.

கூடாது என்று எனக்குத் தெரியும். சட்டம் முழுக்கத் தெரியும். என் கை என்னைக் கேட்கவில்லை. வளையத்தை வாயில் போடும்போதும் அது என்னைக் கேட்டதில்லையே. ஒரு கையால் அவளை அணைத்துத் தூக்கி, மறுகையால் அந்தக் குப்பியை அழுத்தினேன். கசிவு நின்றது. சரிந்தபோது அவள் கைகள் சாம்பலை வழித்த இடத்தில் உள்ளங்கைகள் சரியாகப் படிந்தன.

"பிறர் கை பதிந்துள்ளது" என்றது கதவு. "இவருக்கு அனுமதி இல்லை. அடுத்தவர் வரலாம்."

அடுத்தவள் நான். என் கவசம் சுத்தமாக இருந்தது, துளிக் கசிவு இல்லை.

கண்ணாடிக்கு உள்ளே அண்ணாச்சி நின்றிருந்தார். கதவை ஓங்கிக் குத்தினார், காவலர்களிடம் என்னவோ கத்தினார். பிறகு என்னைப் பார்த்து, வா, நீயாவது வா என்று இரண்டு கைகளாலும் கூப்பிட்டார்.

"நீ போக்கா" என்றாள் ரெஜினா. கவசத்துக்குள்ளிருந்து குரல் மங்கலாகத்தான் வந்தது. பாதியை ஊகித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"சும்மா கெடட்டி" என்றேன்.

எங்களைத் தாண்டி ஆட்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். சுவரோரமாக உட்கார்ந்து அவளை மடியில் சாய்த்துக்கொண்டேன். சாம்பல் எங்கள் மேல் விழுந்துகொண்டிருந்தது. குப்பியிலிருந்து நான் கையை எடுக்கவில்லை.