தடுப்புக்கு எத்தனை பலகை

அளவு டேப்பின் முனை இந்த முறை நழுவவில்லை. மதியத்திலிருந்து அவனைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது அது. பீரோவுக்குப் பின்னால் இருக்கும் மூலையில் கொக்கியை மாட்டிவிட்டு, அறையின் குறுக்கே நடந்து வந்து இழுத்தால், பாதியிலேயே கழன்று தரையைக் கீறிக்கொண்டு காலடிக்கு ஓடிவரும். ஒண்டி ஆள் அளந்தால் அப்படித்தான். இப்போது விறைப்பாக நின்றது.

மனைவி நோயில் கிடந்து இறந்த கட்டில் அறையில் பீரோ இருந்த பாதியில் கிடந்தது. மருந்து வாடையும் ஈரத்துணி வாடையும் இன்னும் போகவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே அவனால் சாப்பிடவும் முடியவில்லை, தூங்கவும் முடியவில்லை. குறுக்கே ஜிப்சம் பலகையில் ஒரு தடுப்பு எழுப்பிவிட்டால் கண்ணில் படாது. அளவு சொன்னால் எத்தனை பலகை என்று கணக்குப் போட்டுத் தருவதாகக் கடைக்காரர் போனில் சொல்லியிருந்தார்.

"ரெண்டு பக்கமும் பலகை வரும் சார். நீளம், உயரத்தோட நடுவுல எவ்வளவு இடைவெளி வேணும்னும் அளந்துக்குங்க."

டேப் இரண்டு முறை சுண்டியது.

இந்த வீட்டுக்கு வந்த புதிதில் மறுமுனையைப் பிடித்தவள் அவள்தான். வாய் திறந்து சொல்லமாட்டாள். இரண்டு சுண்டு சுண்டுவாள். பிடித்தாயிற்று, அளந்துகொள்ளலாம் என்று அர்த்தம். பயத்துக்கு முன்னால் வந்தது சந்தோஷம்தான். இத்தனை மாதத்தில் இந்த வீட்டில் அவனுக்கு ஒரு பதில் வந்ததில்லை.

பீரோவுக்குப் பின்னால் துணி உரசியது. மூச்சுவிடச் சிரமப்படும் அந்தப் பழைய இழுப்பு கேட்டது. தனியா மட்டும் விட்டுடாதீங்க என்று கட்டிலில் கிடந்தபடி அவள் கேட்டது நினைவுக்கு வந்தது.

"உன்னை ஒதுக்கறதுக்கு இல்லம்மா," என்றான். "என்னால பாக்க முடியல."

டேப் தளர்ந்தது. ஆனால் முனை கீழே விழவில்லை. பீரோவைச் சுற்றிக்கொண்டு, இடுப்பு உயரத்தில், மெல்ல வந்தது. பிடித்திருந்த கை தெரியவில்லை. வாடைதான் முன்னால் வந்தது.

கதவுப் பக்கம் திரும்பினான். கால் நகரவில்லை.

குதிகாலில் ஜில்லென்று கொக்கி. முதுகில் ஏறியது. பிடரி. உச்சந்தலை.

உயரம்.

ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு.

அகலம்.

பிறகு விலாவோரமாக, முதுகிலிருந்து நெஞ்சு வரைக்கும். இரண்டு பலகைக்கும் நடுவில் கடைக்காரர் கேட்ட இடைவெளி.

நெஞ்சின் மேல் டேப் இரண்டு முறை சுண்டியது.