இருமல் நின்ற பிறகு

பெரிய டாக்டர் கடைசியாக எப்போது இருமினார் என்று அக்காவுக்கு நினைவுக்கு வரவில்லை.

அந்த அறுவை அரங்கில் எல்லோருக்கும் அவள் அக்காதான். இருபத்திரண்டு வருட நர்ஸ். காலை ஏழரைக்கு நிற்கத் தொடங்கியவள் மதியம் மூன்றாகியும் உட்காரவில்லை. முழங்காலில் வலி கூட அலுத்துப்போய் மரத்துக் கிடந்தது. ஜன்னலில்லாத அறை. மூச்சுக் கருவியின் பெருமூச்சு, ரத்தம் உறிஞ்சும் குழாயின் சளசளப்பு, சதை சுடப்படும்போது எழுகிற கருகல் நாற்றம். இவற்றுக்கு நடுவே, மேஜையருகே இருந்த ஒலிபெருக்கியில் பத்து நிமிடத்துக்கு ஒருதரம் டாக்டரின் வறட்டு இருமல் வரும். இன்று காலையிலிருந்து வந்துகொண்டுதான் இருந்தது. இப்போது இல்லை.

அவர் மூலையில், அவளுக்கு முதுகைக் காட்டியபடி, காட்சிப் பெட்டிக்குள் முகத்தைப் புதைத்து உட்கார்ந்திருந்தார். விரல்கள் ரோபோ இயந்திரத்தின் வளையங்களுக்குள். அவர் பேசுவதைப் பெட்டியிலிருந்த மைக் ஒலிபெருக்கிக்கு அனுப்பும். அவர் விரல் அசைந்தால், பத்தடி தள்ளி, நோயாளியின் விலா இடுக்குகளில் நுழைந்திருந்த நான்கு உலோகக் கைகளும் அசையும். எங்கே அறுக்கலாம் என்று திரையில் பச்சைக் கோடும், எதைத் தொடக்கூடாது என்று சிவப்புக் கோடும் போடுவது செயற்கை நுண்ணறிவு. அவர் செய்த முந்நூறு ஆபரேஷன்களைப் பார்த்துப் படித்தது. கோடு போடுவதோடு அதன் வேலை சரி. கத்தி டாக்டருடையது.

மேஜைமேல் கிடந்தவர் பள்ளி வேன் ஓட்டுபவர். உணவுக்குழாயில் புற்று. மூன்று மாதமாகத் தொண்டையில் தண்ணீர்கூட இறங்கவில்லை, வயிற்றுக் குழாய் வழியாகத்தான் ஆகாரம். "ஒரு வாய் காப்பி குடிப்பாராம்மா?" என்று காலையில் அவர் மனைவி கேட்டபோது, "குடிப்பாரும்மா" என்று அக்கா வாக்குக் கொடுத்துவிட்டாள். கெட்ட பகுதியை எடுத்தாயிற்று. இரைப்பையை மேலே இழுத்து மீதிக் குழாயோடு தைக்க வேண்டியதுதான் பாக்கி.

"டாக்டர், நூல் மாத்தவா?"

பதில் இல்லை. ஆனால் இரண்டாம் கையின் விளக்கு பச்சையாக மாறியது. மாற்றச் சொல்கிறார். மாற்றினாள்.

தையல் அழகாக விழுந்தது. அளந்து வைத்தாற்போல. இவ்வளவு நேரத்துக்குப் பிறகு மனிதக் கை இப்படித் தைக்குமா?

"டாக்டரம்மா, பெரியவர் பேசி எவ்ளோ நேரமாச்சு?"

தலைமாட்டில் இருந்த மயக்க டாக்டர் அரைத்தூக்கத்தில் நிமிர்ந்தாள். சின்னப் பெண். நேற்றும் அவளுக்கு வேலை. "கவனமா இருப்பாருக்கா. விடுங்க."

விட முடியவில்லை. ஒலிபெருக்கியை அக்கா உற்றுக் கேட்டாள். அதில் அவர் மூச்சுச் சத்தமும் எப்போதும் வரும். இப்போது மின்சார இரைச்சல் மட்டும்.

கையுறையைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று மேஜையை விட்டு நகர்ந்தாள். பத்தடி. கால் இழுத்தது.

"டாக்டர்?"

விரல்கள் வளையங்களுக்குள் நுணுக்கமாக அசைந்துகொண்டிருந்தன. நகங்கள் நீலம். கழுத்தில் கை வைத்தாள். சில்லென்று இருந்தது. நாடி இல்லை. இன்னும் அழுத்தினாள். இல்லை.

கையை எடுத்தாள்.

"போயிட்டாரு," என்றாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "டாக்டரம்மா, இவரு போயிட்டாரு."

மயக்க டாக்டர் திரையைப் பார்த்தாள். ஊசி சதைக்குள் இறங்கி ஏறியது. "அப்ப தைக்கிறது யாருக்கா?"

முகத்தைப் பெட்டியிலிருந்து எடுத்தால் இயந்திரம் நின்றுவிடும். அவர் எடுக்கவில்லை. சாய்ந்தபடியே போயிருக்கிறார். மிஷின்தான் வளையத்தை ஆட்டுகிறது. வளையம் விரலை ஆட்டுகிறது. அப்படித்தான் இருக்க வேண்டும். அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள்.

"நிறுத்துங்கக்கா. செவப்பு பட்டன்."

கையை நீட்டினாள். விரல் பட்டனைத் தொடவில்லை. திரையில் மூன்றாம் கை, ரத்தக்குழாயைக் கவ்விப் பிடித்திருந்த கை, மெல்ல வாயைத் திறந்தது. திரை சிவந்தது.

அபாய மணி அலறியது.

விரலை இழுத்துக்கொண்டாள். கை மறுபடி கவ்வியது. சிவப்பு வடிந்தது. தையல் தொடர்ந்தது.

மயக்க டாக்டர் மணியை அணைத்தாள்.

"வேற சர்ஜனைக் கூப்பிடு," என்றாள் அக்கா கடைசியில்.

மயக்க டாக்டர் போனில் கிசுகிசுத்தாள். "முக்கால் மணி நேரம் ஆகுமாம்."

இரண்டாம் கையின் விளக்கு பச்சையானது. நூல் கேட்கிறது. நின்று எரிந்தது.

அக்காவுக்கு அழுகை வரவில்லை. அதற்கும் தெம்பு வேண்டும். கையுறை மாற்றினாள். மேஜைக்கு வந்தாள். நூல் கொடுத்தாள்.

"மிஷின்தான்," என்றாள், தனக்கே. "விரலை அதுதான் ஆட்டுது."

ஒரு தையல். இன்னொன்று. முடிச்சு. கீழே ஒரு சிறு நாளம் கசிந்தது. அதைச் சுட வேண்டும். சுடும் விசை விரல் வளையத்தில் இல்லை. தரையில், டாக்டரின் காலடியில் இருக்கும் மிதி அது.

அக்கா திரும்பிப் பார்த்தாள்.

அந்தக் காலில் வளையம் இல்லை. வார் இல்லை. கம்பி இல்லை. செருப்பு எப்போதோ கழன்று ஓரமாகக் கிடந்தது.

வெளிறிய பாதம் தரையிலிருந்து மெதுவாக எழும்பியது. விரல்களால் மிதியைத் தடவித் தேடியது. கண்டுபிடித்தது. அழுத்தியது.